வீடும் சுவாதீனமும்

“வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார்” என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். தம் நிலத்தில், தம் கண்ணெதிரே, கொத்தனாரையும் தச்சரையும் வைத்து வீடு கட்டிக்கொண்ட காலத்தில் எழுந்த பழமொழி அது. அந்நாளில் வேலை தடைப்பட்டால் காரணம் வீட்டுக்காரருக்கே தெரியும். கையில் பணம் இராது, அல்லது மழை விட்டிராது. பிறர் நிலத்தில் பிறர் கட்டப்போகும் வீட்டுக்கு முன்பணம் செலுத்திவிட்டு, ஒப்பந்தத்தில் எழுதிய நாளை எதிர்நோக்கி இருக்கும் முறை பின்னர் வந்தது. இம்முறையில் பணம் புறப்படும் நாளை நாம் அறிவோம். வீடு வந்து சேரும் நாளையோ வேறொருவர் அறிவார். சில வேளைகளில் அவரும் அறியார்.

நம் கிரயப் பத்திரங்களில் ‘சுவாதீனம்’ என்று ஒரு சொல் தவறாமல் வரும். கிரயம் என்பது விலை. சுவாதீனம் என்பது பொருளைக் கைக்கொண்டு ஆளுதல். விலை கொடுத்தாயிற்று, சுவாதீனம் கிட்டவில்லை என்னும் நிலையில் நிற்பவர், ஒரு பக்கம் குடியிருக்கும் வீட்டுக்கு வாடகையும், மறுபக்கம் குடிபோகாத வீட்டுக்கு வங்கித் தவணையும் செலுத்திக் கொண்டிருப்பார். அவர் சென்று முறையிடுவதற்கு ஓரிடம் உண்டா? இக்கேள்விக்கு நம் நாட்டில் விடை எவ்வாறு வளர்ந்தது என்பதையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

ஆராய்ச்சியை உடும்பஞ்சோலையில் தொடங்குவது பொருத்தமாகும். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாகவும், கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாகவும் மலையேறினால் இத்தாலுகாவை அடையலாம். நெடுங்கண்டம் இதன் தலைநகர். ஏலக்காய் விளையும் இம்மலைகளில் தமிழும் மலையாளமும் ஒரே கடைத்தெருவில் புழங்குகின்றன. இவ்வட்டாரத்தாருக்குச் சொன்ன சொல்லை நம்பி இடத்துக்காகக் காத்திருத்தல் என்பது புதிய அனுபவம் அன்று.

திருவிதாங்கூர்–கொச்சி அரசினர் 1950களில் இம்மலைப் பகுதியில் குடியேற்றத் திட்டம் ஒன்றை நடத்தினர். நெடுங்கண்டத்துக்கு அருகே கல்லாற்றில் அமைந்த குடியேற்றம், அக்காலத்து முதலமைச்சர் பட்டம் தாணுப் பிள்ளையின் பெயரால் பட்டம் காலனி என வழங்கலாயிற்று. அரசினர் அழைத்துக் குடியமர்த்தியவர்கள் ஒருபுறம் இருக்க, தாமாகவே வந்து காடு திருத்திக் குடிசை போட்டவர்களும் பலர். இவ்வாறு குடியேறியோர் அன்றைய உடும்பஞ்சோலைத் தாலுகாவைச் சேர்ந்த அய்யப்பன்கோவில் பகுதியிலும் வாழ்ந்து வந்தனர். இடுக்கி நீர்மின் திட்டத்தின் நீர்த்தேக்கத்துக்கு அந்நிலம் வேண்டும் என்று கூறி, 1961ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர்களை அரசினர் வெளியேற்றினர். மாற்று நிலம் தரப்படும் என்ற உறுதியின் பேரில், ஏறத்தாழ 1,700 குடும்பங்கள் குமுளிக்கு அருகிலுள்ள அமராவதிக்குக் கொண்டு செல்லப்பட்டன. அங்கே வீடில்லை, போதிய கூரையும் இல்லை. தென்மேற்குப் பருவமழை தொடங்கியிருந்தது.

அந்த ஜூன் மாதத்தில், நாடாளுமன்ற உறுப்பினர் ஏ. கே. கோபாலன் அமராவதிக்கு வந்து அம்மக்களிடையே உண்ணாநோன்பு மேற்கொண்டார். அரசியலில் அவருக்கு எதிரணியில் நின்ற பாதிரியார் ஜோசப் வடக்கனும் அம்மக்களுக்காகக் குரல் கொடுத்தார். அரசினர் உறுதிமொழி அளித்த பின்னரே நோன்பு முடிவுற்றது. அன்று கேரளத்தின் முதலமைச்சராக இருந்தவர், மேலே கூறிய அதே பட்டம் தாணுப் பிள்ளை ஆவார். குடியேற்றமும் வெளியேற்றமும் ஒருவர் காலத்திலேயே நிகழ்ந்தன என்பது இம்மலையின் வரலாற்றில் குறிக்கத்தக்கது.

இந்நிகழ்ச்சியில் ஒன்றை நாம் கருத வேண்டும். இடம் தருவதாகச் சொல்லித் தாராதிருந்த தரப்பின் மேல் வழக்குரைத்து இழப்பீடு கேட்க, மழையில் நனைந்த அந்தக் குடும்பங்களுக்கு எளிய வழி எதுவும் இருக்கவில்லை. பெருந்தலைவர் ஒருவர் பட்டினி கிடந்துதான் ஒரு கூரையைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

இதே மலைகளில், நிலம் கையில் இருந்தும் அதற்குரிய பட்டயம் கைக்கு வராத குடும்பங்கள் பல. 1977 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன் வனநிலத்தில் குடியேறியோருக்கு உரிமை வழங்கக் கேரள அரசினர் 1993இல் தனி விதிகள் இயற்றினர். இடுக்கி உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களில் 28,588 ஹெக்டேர் நிலத்துக்கு மத்திய அரசின் ஒப்புதல் கிடைத்தது. இது வழக்குக்கு உள்ளாகி, 2009இல் உச்ச நீதிமன்றம் அவ்விதிகளை ஏற்றுக்கொண்டது. ஆயினும் ஏலமலைக் காடு வனமா, வருவாய் நிலமா என்ற பழைய வழக்கு ஓயவில்லை. 2024 அக்டோபரில் அப்பகுதியில் புதிய பட்டயங்கள் வழங்குவதை உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணையால் நிறுத்தி வைத்தது. தாத்தா திருத்திய நிலத்துக்குப் பேரன் பட்டயம் கேட்டு நிற்கின்றான்.

நிலத்தின் பட்டயமும் அடுக்கு வீட்டின் சாவியும் வெவ்வேறு பொருள்கள் ஆயினும், காத்திருப்பவரின் துன்பம் ஒன்றே. நகரங்களில் வீட்டுக்குப் பணம் கட்டியோர் நிலையும் நெடுங்காலம் இதனினும் மேலானதாக இல்லை. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும், 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டமும் ஒப்பந்தம் மீறப்பட்டால் நட்டஈடும் நிறைவேற்ற ஆணையும் கோர இடமளித்தன. ஆனால் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கின் மதிப்புக்கு ஏற்ப முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும். வழக்கறிஞரை அமர்த்த வேண்டும். மேல்முறையீடுகள் முடியும் வரை பொறுத்திருக்கவும் வேண்டும். சேமித்ததை எல்லாம் வீட்டுக்குக் கொடுத்துவிட்டவரிடம் இவற்றுக்குப் பணம் ஏது? அடுக்கு வீடுகள் முந்திப் பெருகிய மகாராஷ்டிரத்தில் 1963இலேயே தனிச் சட்டம் வந்தது. குறித்த நாளில் வீடு தாராத கட்டுநர் பணத்தை வட்டியுடன் திருப்ப வேண்டும் என்று அது விதித்தது. பிற மாநிலத்தார் நெடுநாள் காத்திருந்தனர்.

1986ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் தேதி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதல் பெற்றது. வழக்கறிஞர் இன்றியே முறையிடலாம் என்ற வசதியை அது தந்தது. உடனே ஒரு தடை எழுந்தது. கட்டுநர்களும் வீட்டுவசதி வாரியங்களும், “வீடு என்பது அசையாச் சொத்து, அதை விற்பது சேவை ஆகாது, ஆகவே நுகர்வோர் மன்றம் எங்களை விசாரிக்க இயலாது” என்று வாதிட்டனர்.

அவ்வாதத்தைத் தீர்த்து வைத்தது லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கு. அரசு சார்ந்த அவ்வாணையத்திடம் வீட்டுக்குப் பதிவு செய்து பணத்தைச் செலுத்திய ஒருவருக்குக் குறித்த காலத்தில் வீடு முடித்துத் தரப்படவில்லை. 1993ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. வீடு கட்டித் தருதல் சேவையே என்றும், அதைச் செய்வது தனியாராயினும் அரசுச் சார்பு அமைப்பாயினும் பொறுப்பு ஒன்றே என்றும் அது கூறிற்று. அதனினும் பெரிதாக மற்றொன்றையும் கூறிற்று: அதிகாரிகளின் அலட்சியத்தால் குடிமகன் அலைக்கழிக்கப்பட்டால், அவ்வலைச்சலுக்கும் இழப்பீடு உண்டு, அத்தொகையைப் பொதுமக்களின் வரிப்பணத்திலிருந்து கொடுத்துவிட்டு அமைதியடையாமல், பொறுப்பான அதிகாரிகளைக் கண்டறிந்து அவர்களிடமே வசூலிக்க வேண்டும். அதே 1993இல் சட்டமும் திருத்தப்பட்டு, ‘வீடு கட்டுதல்’ என்பது சேவைகளின் பட்டியலில் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது. காத்திருத்தலே ஓர் இழப்பு என்பதை நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட நாள் அது. அமராவதியின் மழைக்கும் அந்நாளுக்கும் இடையே 32 ஆண்டுகள் சென்றிருந்தன.

மலைநாட்டார்க்கு இத்தீர்ப்பினால் ஒரு தனிப் பயன் உண்டு. உடும்பஞ்சோலை போன்ற ஊர்களில் பெரும்பாலோர் அடுக்கு வீடு வாங்குவதில்லை. சொந்த மனையில் ஒப்பந்தக்காரரை வைத்து வீடு கட்டுகின்றனர். பாதியில் நின்றுபோன அவ்வேலையும் சேவைக் குறைபாடே. அதற்கும் நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். மனை வாங்கியோர் நிலை சற்று வேறு. சாலை, வடிகால் முதலியவற்றை அமைத்துத் தருவதாகக் கூறி விற்கப்படும் மனையும் சேவையின்பாற் படும் என 2012இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. வெறும் நிலத்தை உள்ளபடியே விற்பது அவ்வாறு கருதப்படுவதில்லை.

அடுத்த இடையூறு ஒப்பந்தத்தாளில் இருந்தது. வாங்குபவர் தவணை தவறினால் உயர்ந்த வட்டி, விற்பவர் நாள் தவறினால் அற்ப வட்டி என்ற முறையில் அச்சிட்ட தாள்களில் மக்கள் கையெழுத்திட்டு வந்தனர். குருகிராமத்து வழக்கொன்றில், வாங்குபவர் தாமதித்தால் நூற்றுக்கு 18 வீதமும், கட்டுநர் பணம் திருப்ப நேர்ந்தால் நூற்றுக்கு 9 வீதமும் என்று எழுதப்பட்டிருந்தது. இத்தகைய ஒருதலைப்பட்சமான நிபந்தனை முறையற்ற வணிகமாகும். வேறு வழியின்றிக் கையெழுத்திட்டவரை அது கட்டுப்படுத்தாது என்று 2019 ஏப்ரல் 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாள் குறிப்பிடாத ஒப்பந்தங்களுக்கோ, 2018இன் மற்றொரு தீர்ப்பு மூன்று ஆண்டுகளை நியாயமான காலமாகக் கொண்டது.

தீர்ப்புகள் பெருகினும், பணம் போன பின்னரே பரிகாரம் என்ற நிலை மாறவில்லை. ஒரு கட்டடத்துக்கு வாங்கிய பணத்தை மற்றொரு நிலத்தில் முடக்குவதே தாமதத்தின் முதற்காரணம் என்பதை யாவரும் அறிவர். அம்முதற்காரணத்தைத் தடுக்க வந்ததே 2016ஆம் ஆண்டின் கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம். மக்கள் வழக்கில் இதனை ‘ரேரா’ என்பர். 2017 மே 1 முதல் இது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில், அல்லது எட்டுக்கு மேற்பட்ட வீடுகள் கொண்டு எழும் திட்டம் விற்பனைக்கு முன் பதிவு செய்யப்பட வேண்டும். வாங்குவோரிடம் பெறும் பணத்தில் நூற்றுக்கு 70 பங்கைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, அத்திட்டத்தின் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும். ஒப்பந்தம் பதிவு செய்யாமல் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்கலாகாது.

குறித்த நாள் கடந்தால் என்ன செய்வது? இச்சட்டத்தின் 18ஆம் பிரிவு வாங்கியவருக்கு இரண்டு வழிகளைத் திறந்து வைக்கிறது. வீடு வேண்டாம் என்று அவர் விலகினால், செலுத்திய முழுத்தொகையும் வட்டியுடன் திரும்ப வேண்டும். வீடே வேண்டும் என்று அவர் நின்றால், சுவாதீனம் கிடைக்கும் நாள் வரை ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் வட்டி பெறலாம். எவ்வழியைத் தேர்வது என்பது வாங்கியவரின் விருப்பம். பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை நிபந்தனையற்றது என 2021 நவம்பர் 11ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. கட்டுநர் கொடுக்காவிடில், நிலவரிப் பாக்கியைத் தண்டுவது போல் அத்தொகையைத் தண்டலாம். பணம் திருப்பும்படி பணிக்கப்பட்ட கட்டுநர் மேல்முறையீடு செய்வதாயின், வாங்கியவருக்குச் சேர வேண்டிய தொகையை முதலில் கட்ட வேண்டும்.

இனி, ஏலமலையில் வாழும் ஒரு குடும்பம் எங்குச் செல்ல வேண்டும் என்பதைக் காண்போம். எல்லைப்புறத்தார் ஆதலால் இவர்கள் வீடு வாங்குவது கொச்சியிலும் இருக்கலாம். மதுரையிலும் தேனியிலும் இருக்கலாம். ரேராவைப் பொறுத்தவரை, கட்டடம் எழும் மாநிலத்தின் அமைப்பையே நாட வேண்டும். கேரளத்துத் திட்டமாயின் திருவனந்தபுரத்திலுள்ள கேரள ஆணையமும், தமிழ்நாட்டுத் திட்டமாயின் சென்னையிலுள்ள குழுமமும் விசாரிக்கும். நுகர்வோர் ஆணையமோ நம்மைத் தேடி அருகில் வருகிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, முறையிடுபவர் தாம் வாழும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். மதுரையில் வீட்டுக்குப் பணம் கட்டிய நெடுங்கண்டத்துக் குடும்பம், மலையிறங்காமல் இடுக்கி மாவட்ட ஆணையத்திலேயே முறையிட இதனால் வழியுண்டு. 

எந்த ஆணையம் என்பது கொடுத்த பணத்தின் அளவைப் பொறுத்தது. 2021 டிசம்பரின் விதிகளின்படி, 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையம். அதற்கு மேல் இரண்டு கோடி வரை மாநில ஆணையம். அதனினும் மிகுந்தால் தேசிய ஆணையம். கட்டணம் மிகச் சிறிதே. ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை. 20 லட்சத்துக்கு மேல் 50 லட்சம் வரை ஆயிரம் ரூபாய். 2025 முதல் ‘இ-ஜாக்ரிதி’ என்னும் இணையத்தளத்தின் வழியாகவும் மனுவை அனுப்பலாம். இரண்டு வழிகளில் எதையும் வாங்கியவர் தேர்ந்துகொள்ளலாம். ஒன்று மற்றொன்றைத் தடுக்காது என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ரேராவின் அளவுக்குள் வாராத சிறு கட்டடங்களுக்கு நுகர்வோர் ஆணையமே உற்ற துணையாகும்.

முறையீட்டுக்கு இரண்டு ஆண்டுக் கெடு உண்டு. வீடு கைக்கு வராதவரை குறை தொடர்கின்றது என்று நீதிமன்றங்கள் கொண்டாலும், நாளைக் கடத்துவது அறிவுடைமை ஆகாது. ஒப்பந்தம், பணம் கட்டிய இரசீதுகள், வங்கிக் கடன் கணக்கு, கட்டுநர் அனுப்பிய கடிதங்கள், விளம்பரத்தாள் ஆகிய யாவையும் ஒரு பையில் சேர்த்து வைத்தல் வேண்டும். வாய்மொழியாகக் கேட்ட தவணைக்குச் சாட்சியம் இல்லை. எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குதல் நலம். குடிபுகல் சான்றிதழ் இன்றிச் சாவியை மட்டும் கொடுப்பது முழுச் சுவாதீனம் ஆகாது என்பதையும் மறத்தலாகாது. அச்சான்றிதழைப் பெற்றுத் தாராமை தொடர்ந்து நிகழும் தவறு என 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உரைத்துள்ளது.

சட்டம் எல்லாவற்றையும் செய்துவிடும் என்று சொல்ல நாம் துணியோம். வெற்றியாணை பெற்ற பின்னும் பணம் கைக்கு வாராமல் அலைவோர் உளர். கட்டுநர் கடன்பட்டு நொடித்துப் போனால் யார் முதலில் பெறுவது என்ற கேள்வி எழும். 2018இன் திருத்தத்தால் வீடு வாங்கியோரும் வங்கிகளைப் போல் நிதிக் கடனாளர் எனக் கருதப்பட்டனர். ஆனால் 2020இன் திருத்தத்துக்குப் பின், அவ்வழக்கைத் தொடங்க ஒரு திட்டத்தில் 100 பேரோ பத்தில் ஒரு பங்கினரோ ஒன்றுகூட வேண்டும். தனித்து நிற்பவரைவிடக் கூடி நிற்பவர் வலியர் என்பதை அமராவதியும் காட்டிற்று.

வழக்கினும் நல்லது வருமுன் காத்தல். கொச்சிக்கு அருகே மரடில், கடற்கரை ஒழுங்குமுறை விதிகளை மீறி எழுந்த நான்கு அடுக்கு வீட்டுத் திட்டங்களை இடிக்க 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2020 ஜனவரி 11, 12 ஆகிய நாட்களில் அவை வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. குடியிருந்தோருக்கு இடைக்கால இழப்பீடாக 25 லட்சம் ரூபாய் வழங்கப் பணிக்கப்பட்டது. அவர்கள் கையில் சாவி இருந்தது, சுவாதீனமும் இருந்தது, கட்டடத்துக்குச் சட்டத்தின் அடிப்படை மட்டும் இல்லை.

இப்பாடம் உடும்பஞ்சோலைக்கும் உரியது. 1964ஆம் ஆண்டின் நில ஒப்படைப்பு விதிகளின்படி வழங்கப்பட்ட பட்டயங்கள் பெரும்பாலும் பயிர்த்தொழிலுக்கும் குடியிருப்புக்கும் என்றே வழங்கப்பட்டவை. எந்தத் தேவைக்கு நிலம் ஒப்படைக்கப்பட்டதோ அதற்கே கட்டட அனுமதி என்று இடுக்கி மாவட்டத்துக்கு 2019 ஆகஸ்டில் அரசாணை பிறந்தது. வேறு பயன்களை முறைப்படுத்த 2023இல் கேரளச் சட்டமன்றம் திருத்தச் சட்டம் நிறைவேற்றியது. 2024இல் அது ஒப்புதல் பெற்றது. ஆகவே இம்மலையில் வீடோ மனையோ வாங்க எண்ணுபவர், முன்பணம் கொடுப்பதற்கு முன் கிராம அலுவலகத்துக்குச் சென்று, இந்நிலம் எவ்விதியின்படி, எதற்காக ஒப்படைக்கப்பட்டது என்று கேட்டறிய வேண்டும். அந்த ஒரு நாள் அலைச்சல் பல ஆண்டு வழக்கைத் தவிர்க்கும்.

1961இல் அமராவதியில் நனைந்து நின்றவர்களுக்குத் தட்டுவதற்கு ஒரு கதவு இருக்கவில்லை. இன்று கதவுகள் உள்ளன. அவை விரைவாகத் திறவாமல் இருக்கலாம், ஆயினும் தட்டியவருக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவை. கதவு இருப்பதை அறியாமல் வெளியே நிற்கும் நம் அண்டை வீட்டாருக்கு அதைச் சுட்டிக்காட்டுவது, அறிந்த நம் ஒவ்வொருவரின் பொறுப்பாகும்.